மறுபடியும் பாலாடை

பாளையங்கோட்டை
கார்த்திகை 10

அன்புள்ள வசந்தா,

ஆடியில் நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். போனில் சொல்லியிருக்கலாம். நடுவில் புகுந்து திட்டுவாய், அதற்குப் பயந்துதான் எழுதுகிறேன். ஆவணியில் எனக்கு மறுபடியும் ஆபரேஷன் ஆனது. ஆமாம், எடையைக் குறைக்கச் செய்வார்களே, அந்த வயிற்று ஆபரேஷன்தான். முதல் தடவை ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுப் போய், பிறகு பட்ட பாடு போதும் என்றுதான் உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

2017-இல் 112 கிலோவோடு போய்ப் படுத்தேனே, அது ஸ்லீவ். இரைப்பையில் ஐந்தில் நாலு பங்கை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் மிச்சம் வைப்பார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் சுரக்கும். அதனால் முதல் வருடம் பசியே தெரியவில்லை. 76 வரை இறங்கினேன். உன் கிரகப்பிரவேசத்தில் உன் ரவிக்கை எனக்குச் சேர்ந்தது என்று குதித்தோமே, அப்போது.

அப்புறம் வருடத்துக்கு மூன்று கிலோ, நாலு கிலோ என்று சத்தமில்லாமல் ஏறியது. பாதிப் பழி என் மேல்தான். சோறு இறங்காது, ஆனால் பாயாசமும் ஐஸ்கிரீமும் அந்தக் குழாயில் வழுக்கிக்கொண்டு போகும். கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது சாயங்காலம் ஒரு கப் ஐஸ்கிரீம் இல்லாமல் பொழுது போகவில்லை. மீதிப் பழி உடம்பின் மேல். நாளாக ஆகக் குழாய் கொஞ்சம் விரியும், பசியும் மெல்லத் திரும்பும். 'அவ்வளவு பணம் கொட்டியும் இப்படியா?' என்று கேட்பவர்களிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

எடைக்காக மட்டும் என்றால் இரண்டாம் தடவை போயிருக்க மாட்டேன். நெஞ்செரிச்சல்தான் துரத்தியது. ஸ்லீவ் செய்த பலருக்கும் இது வருமாம். முன்பே சொன்னார்களோ என்னவோ, அப்போதிருந்த உற்சாகத்தில் என் காதில் ஏறவில்லை. மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்துதான் தூக்கம். ராத்திரி இரண்டு மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டைவரை வரும். எழுந்து உட்கார்ந்து இருமுவேன், இவர் லைட்டைப் போட்டு முதுகைத் தடவுவார். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் அடிப்பக்கம் புண்ணாகிக் கிடந்தது. சர்க்கரையும் திரும்பி வந்திருந்தது.

மதுரையில் பார்த்த டாக்டர், ஸ்லீவை பைபாஸாக மாற்றலாம் என்றார். மேலே சின்ன எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு பையைப் பிரித்து, சிறுகுடலை வெட்டி அதோடு இணைத்துவிடுவது. அமிலம் சுரக்கும் மீதி இரைப்பை தனியாக ஒதுங்கிவிடுவதால் எரிச்சல் அடங்கும். "எடை முதல் தடவை மாதிரி இறங்காது, ரிஸ்க்கும் கூடுதல், உள்ளே பழைய தழும்பெல்லாம் ஒட்டிக்கிடக்கும்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்தப் பேச்சுதான் எனக்குப் பிடித்தது.

ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் நேரில். மூச்சை இழுத்து மூன்று பந்தைத் தூக்குகிற டப்பா ஒன்று கொடுத்தார்கள், எனக்கு மூன்றாவது பந்து கடைசிவரை எழும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் 30 மில்லி, 30 மில்லியாகக் குடிக்க வேண்டும். அதற்கு அளவாக டம்ளர் தேடிக்கொண்டிருந்தேன். அத்தை பரணில் இருந்து ஒரு டப்பாவை இறக்கச் சொல்லி, கார்த்தி பால் குடித்த வெள்ளிப் பாலாடையை எடுத்து, விபூதி போட்டுத் தேய்த்துக் கையில் கொடுத்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அதன் மூக்கில் வாய்வைத்து நீர்மோர் குடித்தேன், வசந்தா. ஒரு பாலாடை இறங்கப் பத்து நிமிடம். அத்தை எதிரில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்பார்கள். இருபத்தைந்து வருடத்தில் அவர்கள் என்னை 'இன்னும் கொஞ்சம் சாப்பிடு' என்று சொல்லாமல் இருந்தது அந்த இரண்டு வாரம்தான்.

இப்போது மூன்று மாதம். 98-லிருந்து 87. ஒற்றைத் தலையணையில் படுத்துத் தூங்குகிறேன். ஒரு இட்லிக்கு இருபது நிமிடம் ஆகிறது, சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுள் முழுக்க. முழங்காலுக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரை இனி கூடாது, பையில் புண் வந்துவிடும். தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்கிறது. முளைத்துவிடும் என்கிறார்கள், பார்ப்போம்.

தீபாவளிக்குத் திமிரெடுத்து நெல்லிக்காய் அளவு அல்வாவை வாயில் போட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, கட்டிலில் விழுந்துவிட்டேன். இனிப்பு சட்டென்று சிறுகுடலுக்குள் கொட்டினால் இப்படித்தான் ஆகுமாம், டம்பிங் என்று பேர். திருநெல்வேலியில் இருந்துகொண்டு அல்வாவுக்குப் பயப்படுகிறேன், சிரிக்காதே.

இதுவும் தோற்றுப்போனால் என்ன செய்வாய் என்று கேட்பாய். டாக்டரிடம் நானும் கேட்டேன். உத்தரவாதம் கொடுக்க மாட்டேன் என்றார். வாரத்துக்கு ஒருநாள்தான் எடை மெஷினில் ஏறுகிறேன், மற்ற நாளெல்லாம் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

தையில் உன் மகள் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன். பந்தியிலும் உட்காருவேன். பரிமாறுகிறவர்களிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவை, என் இலையில் கேட்காமல் எதையும் வைக்க வேண்டாம் என்று.

அன்புடன்,
மலர்