மிச்ச நிலத்துப் பெண்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவின் கிரீ பூர்வகுடியைச் சேர்ந்த நாடகாசிரியர் டாம்சன் ஹைவே பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையையும், கூடவே ‘தி ரெஸ் சிஸ்டர்ஸ்’ நாடகத்தின் தமிழாக்கப் பகுதியையும் படித்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுத ஆள் கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் நாடகத்துக்கு ‘இடஒதுக்கீட்டுச் சகோதரிகள்’ என்று பெயர் வைத்தது அடியோடு தப்பு.

‘ரெஸ்’ என்பது ரிசர்வ் என்பதன் பேச்சுவழக்குச் சுருக்கம். கனடாவில் பூர்வகுடிகளுக்கென்று அளந்துவிட்ட நிலத்துண்டு அது; வேலைக்கும் கல்லூரிக்கும் தரும் இடஒதுக்கீட்டோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அங்கிருந்து ஏழு பெண்கள் டொராண்டோவில் நடக்கும் பெரிய பிங்கோ ஆட்டத்துக்குக் கிளம்பும் கதை இது. பின்னாளில் ஹைவே இந்த நாடகத்தைத் தன் தாய்மொழியான கிரீயில் வெளியிட்டார். கிரீதான் மூலம், முதலில் வந்த ஆங்கிலம்தான் மொழிபெயர்ப்பு என்பது அவர் கட்சி. அதன் தலைப்பு ‘இஸ்கூனிகனி இஸ்க்வேவுக்’. இஸ்க்வேவுக் என்றால் பெண்கள். முன்சொல் ‘மீதி வைப்பது’ என்ற வினையிலிருந்து பிறந்து ரிசர்வைக் குறிக்கிறது: மற்றவர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இடம். ‘மிச்ச நிலத்துப் பெண்கள்’ என்றால் போதும், அந்தக் குத்தல் தானாக வந்துவிடும்.

‘சகோதரிகள்’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டதும் வீண். ஏழு பெண்களுக்கும் ஹைவே வயது கொடுத்திருக்கிறார். அவர்களில் சகோதரிகள் ஐந்து பேர்: பெலாஜியாவுக்கு 53, ஃபிலோமினாவுக்கு 49, மரி-அடேலுக்கு 39, ஆனிக்கு 36, எமிலிக்கு 32. பாதிப் பேர் மாற்றாந்தாய் வழி உறவு மாதிரி அரைச் சகோதரிகள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். கிரீயில் மூத்தவளுக்கு வேறு சொல், இளையவருக்கு வேறு சொல். அக்கா, தங்கச்சி என்று எழுத நமக்கு என்ன தடை? வெரோனிக் மட்டும் சிக்கல். ‘சிஸ்டர்-இன்-லா’ என்பதை அண்ணி என்பதா, நாத்தனார் என்பதா என்று ஒரு முடிவெடுத்து, கடைசிவரை அதிலேயே நிற்க வேண்டும். உங்கள் பகுதியில் ஒரு பக்கத்தில் அண்ணி, அடுத்த பக்கத்தில் மைத்துனி.

இனி நானபுஷ். ஒஜிப்வே என்ற இன்னொரு பூர்வகுடி மொழியில் நானபுஷ், கிரீயில் வீசகேசாக்; உருமாறிக்கொண்டே இருக்கும் குறும்புக்கார ஆவி. நாடகத்தில் முதலில் வெள்ளைக் கடற்பறவை, பிறகு இருட்டு நிறத்தில் இரவுப் பறவை, அப்புறம் பிங்கோ நடத்துகிறவர். கிரீயில் அவன், அவள் என்ற பேதமே இல்லை. நானபுஷுக்கும் பால் இல்லை என்று ஹைவே முன்குறிப்பிலேயே சொல்லிவிடுகிறார். இந்த நாடகத்தில் ஆண் நடனக்காரர் ஆடுகிறார். 1989-ல் வந்த அவருடைய ‘ட்ரை லிப்ஸ்’ நாடகத்தில் அதே நானபுஷ் பெண். உங்கள் மொழிபெயர்ப்பில் முதல் வரியே ‘நானபுஷ் வந்தான்’. போச்சு! ‘வந்தார்’ என்றால் மரியாதை ஏறிப் பெரியவர் ஆகிவிடும். ‘வந்தது’ என்றால் வெறும் பறவை.

வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘செய்யும்’ என்னும் முற்று படர்க்கையில் பலர்பாலைத் தவிர மற்ற நான்கு பாலுக்கும் பொது. ‘நானபுஷ் வரும், வேலிமேல் உட்காரும், சிரிக்கும்’ என்று அரங்கக் குறிப்பை எழுதலாம். இன்றைய காதுக்குச் சற்று அஃறிணைபோலப் படும்தான். அங்கங்கே வினையே இல்லாமல் ‘வேலிமேல் நானபுஷ்’ என்று விட்டால் அதுவும் சரியாகிவிடும்.

கிரீயின் உயிருள்ளது–உயிரற்றது பாகுபாடு நம் உயர்திணை–அஃறிணை போன்றதே என்கிறது கட்டுரை. கோடு விழும் இடம் வேறு. கல்லும் மரமும் கையுறையும் கிரீயில் உயிருள்ள வகுப்பு. ராஸ்பெர்ரி உயிருள்ளது, ஸ்ட்ராபெர்ரி உயிரற்றது. (குழந்தையை அஃறிணையில் வைத்திருக்கும் நாம் இதற்கு ஆச்சரியப்படக் கூடாது.) இன்னொரு பக்கம், நாம்–நாங்கள் என்ற வேறுபாடு கிரீயிலும் உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. பெண்கள் ரிசர்வ் சபையில் பயணத்துக்குப் பணம் கேட்கும்போது ‘நாங்கள்’, தங்களுக்குள் பேசும்போது ‘நாம்’ என்று பிரித்தாலே வசனம் நிமிர்ந்துவிடும்.

கூப்பிடும் எண்ணை அட்டையில் குறித்து ஆடும் பிங்கோவைத் ‘தம்போலா’ ஆக்கியது மேடையில் உதைக்கும். தம்போலாவில் 90 எண். சீட்டில் மூன்று வரிசை, 15 எண். கனடாவில் ஆடும் பிங்கோவில் 75 எண், ஐந்துக்கு ஐந்து கட்டம், நடுக்கட்டம் இலவசம். பி, ஐ, என், ஜி, ஓ என ஐந்து பத்திகள், பத்திக்கு 15 எண். அதனால்தான் ‘பி 14’ என்ற அழைப்பு சாத்தியம். அந்த எண் ஏன் என்று மரி-அடேலின் பிள்ளைகளை எண்ணினால் தெரியும்: பதினான்கு. எழுத்தில்லாத தம்போலாவில் ‘பி’யை எங்கே வைப்பது? பார்வையாளர்களுக்கும் அட்டை கொடுத்து, யாராவது ‘பிங்கோ’ என்று கத்தும்வரை ஆடவிடச் சொல்கிறது நாடகம். நூறு பேர் அரங்கில் ஒரு வரிசை ஆட்டம் பெரும்பாலும் இருபது எண்ணுக்குள் முடிந்துவிடும். முழு அட்டை என்று வைத்தால் இழுத்துக்கொண்டே போய்க் காட்சி செத்துவிடும்.

ஏழு பெண்களில் ஒருத்தியான ஜபூனிகன் பேசும் இடத்தில் ‘கூரிய ஆயுதம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மூலத்தில் ஸ்க்ரூ டிரைவர். வெள்ளைக்காரப் பையன்கள் தனக்குச் செய்ததை அவள் பறவை உருவில் இருக்கும் நானபுஷிடம் சொல்கிறாள். 1971-ல் கனடாவின் மானிடோபா மாகாணத்தில் தி பா ஊருக்கு அருகே ஹெலன் பெட்டி ஆஸ்போர்ன் என்ற கிரீ மாணவி ஸ்க்ரூ டிரைவரால் ஐம்பது முறைக்கு மேல் குத்திக் கொல்லப்பட்டார். ஒருவருக்குத் தண்டனை கிடைக்கவே 1987 ஆயிற்று. நாடகம் அரங்கேறியது 1986 நவம்பரில். அந்தக் கருவியின் பெயரை மழுப்பக் கூடாது.

அதே தி பா அருகே இருந்த கை ஹில் பள்ளியில்தான் ஹைவே படித்தார். கட்டுரையில் உள்ளதுபோல் ‘உறைவிடப் பள்ளி’ என்று மட்டும் எழுதினால் நம் வாசகர் ஊட்டி கான்வென்ட்டை நினைப்பார். பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்தும் மொழியிலிருந்தும் பிரித்த பள்ளி என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். 1998-ல் வந்த ‘கிஸ் ஆஃப் த ஃபர் குவீன்’ நாவலில் அங்கு நிகழ்ந்த பாலியல் கொடுமை வருகிறது. 2021-ல் வந்த நினைவுநூலில் அதே பள்ளியின் பியானோவும் சிரிப்பும் வருகின்றன. கட்டுரை முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது.

கடைசியாக, நேட்டிவ் எர்த் நாடகக் குழு ஹைவே தொடங்கியதல்ல. அது 1982-லேயே உருவானது. அவர் 1986 முதல் 1992 வரை கலை இயக்குநர். முதல் மேடையேற்றத்தில் நானபுஷாக ஆடியவர் அவருடைய தம்பி ரெனே ஹைவே, 1990-ல் எய்ட்ஸ் நோயில் இறந்த நடனக் கலைஞர். இரண்டு பக்கக் கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.