நாலரை இஞ்ச் சுவர்

மேடவாக்கம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் வாய்த்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடு. பெரியவனுக்கு வேலை கிடைத்த சேதியை அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கே சாமிக்கு விளக்கேற்றிவிட்டாள்.

கடைசிப் பக்கம் முழுக்கப் பக்கத்து வீட்டு ஹோம் தியேட்டரைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டில் அதிர்கிறது, போலீஸில் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் கதையைக் கேள். நானும் எட்டு மாதம் இதே பாடு பட்டவள்.

இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்த மறுவாரமே ஆரம்பித்துவிட்டது. விடியற்காலை நாலரை மணிக்குத் தலைமாட்டுச் சுவரில் டொக், டொக், டொக் என்று இருபது முப்பது அடி. அது ஓய்ந்து கண் அசரும் நேரத்தில் மிக்ஸி. எங்கள் படுக்கையறையும் அவர்கள் அடுப்படியும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். சத்தத்தைவிட, அது வரப்போகிறதே என்று நாலு மணிக்கே விழித்துக்கொண்டு கிடப்பதுதான் என்னைத் தின்றது. ஒருநாள் ஆத்திரத்தில் சுவரை ஓங்கித் தட்டினேன். லிஃப்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்புறம் யாரோ சொன்னார்களே என்று தெர்மாகோல் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினேன். இம்மியும் குறையவில்லை.

குறையாது என்பது பிறகுதான் புரிந்தது. பாத்ரூம் கசிவைப் பார்க்க வந்த கொத்தனார் அந்தச் சுவரை விரல் முட்டியால் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இது நாலரை இஞ்ச் சுவரும்மா. ஒரே வீட்டுக்குள்ள ரூமைப் பிரிக்க வைக்கிறது. ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒம்போது இஞ்ச் வச்சிருக்கணும்" என்றார். அதுவும் கனமில்லாத கல்லாம். எனக்கு வயிறு எரிந்தது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கிய வீடு. கட்டியவர் சதுர அடியை மிச்சம் பிடிக்கச் சுவரை மெலிதாக்கிவிட்டுப் போய்விட்டார், இரண்டு பக்கமும் குடியிருக்கிற நாங்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். இந்தக் கோபம் எனக்கு இன்னமும் ஆறவில்லை, கோமதி.

பேச்சுச் சத்தம், டிவி சத்தம் எல்லாவற்றையும் தடுத்து நிறுத்துவது கனம். சத்தத்தை டெசிபல் என்ற அளவில் சொல்வார்கள். சுவரின் எடை இரு மடங்கானால் ஐந்தாறு டெசிபல் குறையும். பத்து டெசிபல் குறைந்தால்தான் நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். எடையே இல்லாத தெர்மாகோல் என்ன செய்யும்? முட்டை அட்டையும் ஃபோம் ஷீட்டும்கூட அப்படித்தான். அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், அந்தப் பக்கத்திலிருந்து வருவதைத் தடுக்காது.

இன்னொன்றையும் எலக்ட்ரீஷியன் திறந்து காட்டினார். கட்டில் பக்கத்து ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் பின்னால் அவர்கள் அடுப்படியின் ஸ்விட்ச் பெட்டி. இரண்டு பக்கமும் சுவரைக் குடைந்து பதித்ததில் நடுவில் மிஞ்சியது ஒரு விரல்கடை பூச்சுதான். மூடியைக் கழற்றிக் காதை வைத்தேன். அவர்கள் குக்கரில் விசிலுக்கு முன்னால் ஆவி புஸ்ஸென்று சீறுவது கேட்டது! மெயினை அணைத்துவிட்டுப் பெட்டிகளை வெளியே எடுத்து, பின்புறத்தைச் சிமென்ட் கலவையால் நன்றாக அடைத்துத் திரும்பப் பதித்தார். செலவு ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. பேச்சுக்குரல் அன்றைக்கே அமுங்கிவிட்டது. உன் வீட்டிலும் அந்தச் சுவரில் ஸ்விட்ச் பெட்டி இருந்தால் முதலில் அதைத் திறந்து பார்க்கச் சொல்.

ஆனால் இடிக்கிற சத்தம் அப்படியேதான் இருந்தது. அது காற்று வழியாக வருவதில்லை. கிரானைட் மேடை சுவருக்குள்ளேயே செருகிக் கட்டியிருக்கிறது. மேடையில் இடித்தால் சுவரையே இடித்த மாதிரி. அதை இடிக்கிற இடத்தில்தான் நிறுத்த முடியும், என் பக்கம் நின்றுகொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆக அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதைத் தவிர வழியில்லை என்றாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சண்டை போடுகிற நேரமும் இல்லை, தூக்கம் கெட்ட முகமும் இல்லை, கிண்ணத்தில் கொஞ்சம் சுசியம் எடுத்துக்கொண்டு போனேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, நீங்க அன்னிக்குச் சுவத்துல தட்டினப்போ ஆணி அடிக்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அவள் கணவருக்கு ஒரகடத்தில் முதல் ஷிஃப்ட். ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். பனிக்காலத்தில் அவருக்கு மூச்சு இழுக்கும், சுக்கு மல்லிக் காபி இல்லாமல் கிளம்பமாட்டார். தினம் புதிதாகச் சுக்கும் மல்லியும் தட்டித்தான் போடுவாள். எட்டு மாதம் என்னை எழுப்பிய டொக் டொக் அதுதான். மிக்ஸி, அவர் கட்டிக்கொண்டு போகிற இட்லிக்குச் சட்னி.

அப்புறம் அவள் தயங்கித் தயங்கி, "உங்க வீட்லருந்தும் ராத்திரி பதினொண்ணு, பதினொன்றரைக்கு ஒரு சத்தம் வரும்க்கா. பாப்பா பயந்து எந்திரிச்சிடும்" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு போன் போட்டு, நம் வீட்டு பீரோவைத் திறந்து மூடுங்கள் என்றேன். அவள் அடுப்படிச் சுவர் டைல்ஸில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் சாவி திரும்புகிற கடக். பிறகு கைப்பிடியைத் திருகியதும் உள்ளே கம்பிகள் மேலும் கீழும் விழுகிற அடி. அது காதுக்கு வருவதற்கு முன்னாலேயே கைக்கு வந்துவிட்டது. மேடையில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுங்கின. என் கல்யாணச் சீர் பீரோ, கோமதி. சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தோம். படுக்கப்போகும் முன் அவர் கடையின் அன்றாட வசூலை அதில்தான் வைத்துப் பூட்டுவார். எட்டு மாதம் அந்தக் குழந்தை தினமும் அதைக் கேட்டுப் பதறி எழுந்திருக்கிறது.

அன்றைக்கு ராத்திரியே நாலு பேர் சேர்ந்து பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம், அதிலும் நாலு விரல் இடைவெளி விட்டு. அவள் மிக்ஸியை மேடையிலிருந்து எடுத்து மர முக்காலியில் வைத்து, கீழே கனமான ரப்பர் ஷீட்டை மடித்துப் போட்டுக்கொண்டாள். இடிகல்லைத் தரையில் வைத்தால் கீழ் வீட்டுக்காரர் தலையில் விழும். அதனால் சுக்கை மட்டும் முந்தின நாள் சாயங்காலமே தட்டி டப்பாவில் வைத்துவிடுகிறாள். முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். மிக்ஸியின் முனகல் இப்போதும் கேட்கிறது. ஆனால் நாலு மணிக்கே விழித்துக் காத்துக் கிடப்பது போய்விட்டது.

நாம் வளர்ந்த வளவை, ஒட்டி ஒட்டி நின்ற அந்த வரிசை வீடுகளை, நினைத்துப் பார்த்தேன். ஒன்றரை அடி மண்சுவர், சுவரில் குறையில்லை. ஆனால் அது ஓட்டுக் கூரையைத் தொடாது, மேலே முழநீளத்துக்குத் திறந்தே கிடக்கும். ஆச்சி வீட்டு விளக்கு வெளிச்சம் நம் வீட்டு உத்திரத்தில் ஆடும். எனக்குக் கக்குவான் வந்த ராத்திரி அந்தப் பக்கமிருந்தே "ஏட்டி, பிள்ளைக்குத் தேன் குழைச்சுக் குடு" என்று ஆச்சி குரல் கொடுத்தது அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்காக அந்த நாள் திரும்ப வரவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். நாலாம் வீட்டுக்கு வந்த புது மதினி, தான் அழுவது வெளியே கேட்காமலிருக்கப் பாத்திரத்தை உருட்டுவாளே, அது எல்லார் காதிலும் விழுந்தது. அவளுக்கு ஒரு நல்ல சுவர் கிடைத்திருக்க வேண்டும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சட்டம் உன் பக்கம்தான் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. ஒரு வீட்டில் வைத்திருக்கிற ஒலிக்கருவியின் சத்தம் அந்த வீட்டு எல்லையில் இந்த அளவுக்கு மேல் 5 டெசிபலைத் தாண்டக்கூடாது. 2005-இல் உச்ச நீதிமன்றமும், பேச ஒருவருக்கு உரிமை இருப்பதுபோல் கேட்க மறுக்க மற்றவருக்கும் உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே புகார் கொடுக்க நீ கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனாலும் போலீஸ் ஒரு தடவை வந்து போன பிறகு அவர்களோடு பேசுவது கஷ்டம். முதலில் ஒரு சாயங்காலம் அவர்களை உன் வீட்டுக்கு அழை. அவர்கள் வீட்டுப் பையன் அங்கே படத்தை ஓட்டட்டும், பெரியவர்கள் உன் கட்டிலில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்க்கட்டும். ஹோம் தியேட்டரில் அடித்தொண்டைச் சத்தத்தை எழுப்புகிற பெட்டிதான் வூஃபர். அதன் அதிர்வு அவர்கள் சோபாவில் தெரிவதைவிட உன் கட்டிலில் அதிகமாகத் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை. வூஃபரைச் சுவர் மூலையிலிருந்து தள்ளி ரப்பர் ஷீட் மேல் வைத்து, பத்து மணிக்கு மேல் அந்த அடித்தொண்டைச் சத்தத்தை (பேஸ்) குறைத்தாலே பாதி தீர்ந்துவிடும். அதற்கும் அவர்கள் மசியாவிட்டால் தேதி, நேரம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வை. பத்து நாள் கணக்கோடு போய் எழுதிக் கொடு. அப்போது தயங்காதே.

தம்பி வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறான். ரப்பர் ஷீட் இரண்டு துண்டு கொடுத்துவிடுகிறேன். ஒன்று அந்த வூஃபருக்கு, நீயே கொண்டுபோய்க் கொடு. இன்னொன்று உன் மிக்ஸிக்கு. அவன் திரும்பும்போது உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கிக் கொடுத்துவிடு. இங்கே கிடைப்பதில் பாதி சீனிதான். ஒரு கிலோ எங்களுக்கு, ஒரு கிலோ பக்கத்து வீட்டுச் சுக்குக் காபிக்கு.

அன்புடன்,
உன் மீனா