எடைக்குப் போகும் உளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிரானைட் குவாரி என்றாலே இப்போது எல்லாரும் பாறையை அறுக்கும் வைர ஒயர் ரம்பத்தைத்தான் (வைரமணி கோத்த கம்பி) பேசுகிறார்கள். சேர்வராயன் மலையடிவாரத்தில் அப்பா கல் உடைத்த காலத்தில் உளி, சம்மட்டி, கடப்பாரை, ஆப்பு, அவ்வளவுதான். (இந்த மலைப்பாறை பெரும்பாலும் சார்னோகைட், வியாபாரத்தில் அதுவும் கிரானைட்தான்.) பாறையில் வரிசையாகக் குழி போட்டு, ஒவ்வொரு குழிக்குள்ளும் இரண்டு இரும்புத் தகடு வைத்து நடுவில் ஆப்பைச் செருகி, அப்புறம் முதல் ஆப்பிலிருந்து கடைசி ஆப்பு வரை ஒரே சீராக மாறி மாறி அடித்துக்கொண்டே போவார்கள், சத்தம் மாறியதும் அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வார், கொஞ்ச நேரத்தில் கல் தானே வாய் திறக்கும்.

சாயங்காலம் மழுங்கின உளிகளை உலையில் காய்ச்சித் தட்டித் தண்ணீரில் தோய்ப்பார்கள். பதம் கூடினால் முனை பொடிந்துவிடும், குறைந்தால் அரை நாள்கூடத் தாங்காது.

கூலி கல் கணக்குக்கு, தூசி மட்டும் இலவசம். அப்பா கடைசிவரை இருமினார், கல்தூசி நுரையீரலை அரிக்கும் என்று யாரும் சொல்லவில்லை, டிபி மருந்துதான் கொடுத்தார்கள்.

கூட வேலை பார்த்தவர்கள் வீட்டு உளியெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. எங்களிடம் ஏழெட்டு இருக்கிறது. சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு மூலை ஒதுக்கினால் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
கல்லுடைத்தவர் மகன், அஸ்தம்பட்டி, சேலம்