பாக்கியோவும் மலை ஊர்தாங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில, அதாவது மலைக் கிராமத்துல, இருந்து எழுதறேன். கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கு, பொண்ணு ஏழாவது படிக்கிறா, செஸ் ஆடறா. உலக ஜூனியர் செஸ் பத்தி உங்க பேப்பர்ல வந்ததை அவதான் சத்தமா படிச்சுக் காட்டினா. 20 வயசுக்குக் கீழ உள்ளவங்க ஆடற போட்டி, பொதுப் பிரிவுல இந்தியாவுக்கு முதல்ல 1987ல ஆனந்த், பிறகு 2004ல ஹரிகிருஷ்ணா, 2008ல அபிஜித் குப்தா, அதுக்கப்புறம் 17 வருஷம் ஒருத்தருமில்ல, 2025 மார்ச்ல மான்டினீக்ரோ போய் நம்ம சென்னைப் பையன் பிரணவ் 11 ரவுண்டுல 9 பாயிண்ட் எடுத்து ஜெயிச்சான்னு எல்லாம் சரியா போட்டிருந்தீங்க. ஆனா ஆனந்த் ஜெயிச்ச ஊரை மட்டும் 'பிலிப்பைன்ஸ்'னு ஒரே வார்த்தையில தாண்டிட்டீங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

அந்த ஊர் பேரு பாக்கியோ. மலை ஊருங்க. சுமார் 1500 மீட்டர் உயரம், எங்க கோத்தகிரியே அதைவிட மேல இருக்கு. பைன் மரம், மூடுபனி, மணிலா வெயில் தாங்காதவங்க சீசனுக்கு ஏறி வர்ற இடம், அப்படியே நம்ம ஊட்டி கதைதான். 1978ல கார்ப்போவும் கோர்ச்னாயும் உலகப் பட்டத்துக்கு மூணு மாசம் 32 கேம் ஆடினதும் அங்கயேதான். அப்ப மலை மேல பெரிய செஸ் நடத்த முடியாதுன்னு யாரு சொன்னது? ஸ்னூக்கருக்கு ரூல்ஸ் போட்டதே ஊட்டி கிளப்லதான்னு டூரிஸ்ட் கிட்ட மட்டும் பெருமையா சொல்றோம்.

இங்க நிலவரம் என்னன்னா, ஆடறவங்களுக்குத் தர எண் கிடைக்கிற ரேட்டிங் டோர்னமென்ட்னாலே கீழ கோயம்புத்தூர்தான் போகணும். காலைல ஒன்பதரைக்கு முதல் ரவுண்டுன்னா நாங்க நாலு மணிக்கே எந்திரிச்சு முதல் பஸ்ஸைப் பிடிக்கணும், கொண்டை ஊசி வளைவுல பாப்பாவுக்கு வாந்தி வரும், கையில ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்து கூட்டிட்டுப் போவேன். போன வருஷம் பலாப்பழ சீசன்ல குஞ்சப்பனை கிட்ட யானை ரோட்ல நின்னுடுச்சு, முக்கால் மணி நேரம் ஒரு வண்டி நகரல, நாங்க போய்ச் சேர்றப்ப ஒரு காய் கூட நகர்த்தாம எதிர்ல இருந்த பொண்ணுக்குப் பாயிண்ட் போயிடுச்சு. ஆர்பிட்டரை, அதாவது நடுவரை, குத்தம் சொல்ல மாட்டேன், ரூல் அப்படி. யானையையும் சொல்ல முடியாது, அது அது வழியிலதான் நின்னுச்சு. ஆனா கீழ இருக்கற குழந்தை இட்லி சாப்பிட்டுட்டு பத்து நிமிஷத்துல ஹாலுக்கு வந்து உக்காருது, எங்க குழந்தை ரெண்டரை மணி நேரம் தலை சுத்திட்டு வந்து உக்காருது. ரெண்டு பேருக்கும் கிளாக் மட்டும் ஒண்ணு.

உலக ஜூனியரையே ஊட்டிக்குக் கொண்டு வாங்கன்னு கேக்கலைங்க (கேட்டாலும் தப்பில்ல, சென்னையில 2011ல நடந்திருக்கு, 2022ல செஸ் ஒலிம்பியாடையே மாமல்லபுரத்துல நடத்திக் காட்டினோம்). வருஷத்துக்கு ஒரே ஒரு ரேட்டிங் டோர்னமென்ட் மலை மேல வைங்கன்னுதான் கேக்கறேன். மே மாசம் வேண்டாம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்துல ரூம் வாடகை கேட்டாலே மயக்கம் வரும், இ-பாஸ் தொல்லை வேற. காலாண்டுப் பரீட்சை லீவு தோதா இருக்கும், ரூமும் அவ்வளவு விலை இருக்காது. ஒரு தடவையாவது கீழ இருக்கற பசங்க வளைவு ஏறி வந்து, கை விறைக்க ஸ்வெட்டர் போட்டு ஆடிப் பார்க்கட்டுமே.

உங்க பேப்பருக்கும் ஒரு ரிக்வெஸ்ட். ஜெயிச்ச பிறகு போட்டோ போடறீங்க, சந்தோஷம், ஆனா போட்டி எப்ப, பேர் கொடுக்கக் கடைசி நாள் என்னன்னு பத்து நாள் முன்னாடியே மாவட்டப் பக்கத்துல ரெண்டு வரி போட்டா போதும், எங்க ஹட்டியில மழை பேஞ்சா போன்ல டவர் இருக்காது, பேப்பர்தான் வரும்.

ஹால் மட்டும் யாராவது ஏற்பாடு பண்ணட்டும், டேபிள் சேர் தூக்கிப் போட நாங்க இருக்கோம். டீ எங்க செலவு, தூளுக்கு இங்க என்ன பஞ்சமா.

இப்படிக்கு,
ஒரு செஸ் பாப்பாவோட அப்பா,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்