வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டால் கணக்கு தீர்ந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பத்திரிகைகளில் வருஷத்துக்கு நாலு கட்டுரையாவது வந்துவிடுகிறது. டயரைப் பார், ஆயிலைப் பார், சர்வீஸ் ஹிஸ்டரி கேள். சரி, நல்லதுதான். ஆனால் இதையெல்லாம் பார்த்தும் பழுதான வண்டி தலையில் விழுந்து, சண்டை போட்டு அதை விற்றவரிடமே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த ஒருவர், நடுவில் கையிலிருந்து போன பணத்தை எப்படி வாங்குவது என்று யாரும் எழுதக் காணோம். வண்டி விலை திரும்பி வந்தால் போதும் சாமி என்று பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். விற்பவர்களுக்கும் அதுதான் வேண்டும்.

என் மைத்துனர் ஈரோட்டுக்காரர். கோவையில் பழைய கார் வாங்கி விற்கும் ஒரு கார் கன்சல்டிங்கில் சென்னைப் பதிவெண் உள்ள சின்னக் கார் ஒன்றை நாலு லட்சத்துச் சொச்சத்துக்கு எடுத்தார். பாதிக்கு மேல் வங்கிக் கடன். சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி என்றார்கள். (விற்பனைக்கு வருகிற பழைய கார் எல்லாம் டாக்டர்களுடையதாகவே இருப்பது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) சீட் கவர் புதுசு, உள்ளே நல்ல வாசனை, இன்ஜின் சத்தமே இல்லை. தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஓட்டியும் பார்த்தார். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் ஏபிஎஸ் விளக்கு எரிய ஆரம்பித்தது, பவர் விண்டோ நினைத்தால் இறங்கியது, நினைக்காவிட்டால் இல்லை. பேட்டரி வீக் என்று கன்சல்டிங்காரர் போனிலேயே வைத்தியம் சொல்ல, புது பேட்டரி போட்டார்கள். அப்புறம் ஒரு ராத்திரி பெருந்துறை தாண்டி பைபாஸில் வண்டி மொத்தமாக நின்றுபோய், ரிக்கவரி வண்டி வைத்துத்தான் ஊருக்கு இழுத்து வந்தார்கள்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் முன் சீட்டைக் கழற்றி, தரை கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் இருந்த பஞ்சுக்குள் வண்டல் மண் காய்ந்து மாவாகக் கிடந்தது. ஒயரிங் கப்ளர்களில் பச்சை பூத்திருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் பாதிக்குக் கீழே காவி நிறத்தில் ஒரு கோடு, தண்ணீர் எதுவரை நின்றது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது ஏகப்பட்ட கார்கள் மூழ்கின. ரிப்பேர் செலவு கட்டுப்படியாகாத வண்டிகளை டோட்டல் லாஸ் என்று கணக்குத் தீர்த்து இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் விடுவது வழக்கம். எடுக்கிறவர் கழுவித் துடைத்து வெளி மாவட்டத்துக்கு அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? 2015 வெள்ளத்துக்குப் பிறகும் இதே பேச்சுத்தான் அடிபட்டது.

இதையெல்லாம் போட்டோவோடு அனுப்பியதும் கன்சல்டிங்காரர் இறங்கி வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் “நீங்கதானே ஓட்டிப் பார்த்து எடுத்தீங்க” என்றவர், பிறகு வண்டியை விட்டுவிட்டு விலையை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் பணம் கொடுக்கும் இடத்தில் ஒரு பத்திரத்தை நீட்டினார். “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி இந்த வாகனம் தொடர்பாக எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.” பேட்டரி, ரிக்கவரி, எலக்ட்ரீஷியன் கூலி, கடனுக்குக் கட்டிய கட்டணங்கள் எல்லாம் என்ன ஆவது என்று கேட்டதற்கு, “வண்டி காசே திருப்பிக் கொடுத்துட்டோம், அதுக்கு மேல எப்படிங்க?” என்று பதில். ஏதோ தர்மம் செய்கிற தோரணை.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறோம். பொய் சொல்லி விற்றதால் ஒப்பந்தத்தை ரத்து செய்து பொருளைத் திருப்பிக் கொடுப்பது ஒரு உரிமை, அந்த ஒப்பந்தத்தை நம்பிச் செய்த செலவுக்கு ஈடு கேட்பது இன்னொரு உரிமை. ஒன்றை வாங்கிக்கொண்டதால் மற்றது போய்விடாது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 75-வது பிரிவு, நியாயமாக ஒப்பந்தத்தை ரத்து செய்தவருக்கு, மற்றவர் அதை நிறைவேற்றாததால் வந்த நஷ்டத்துக்கு ஈடு உண்டு என்கிறது. நூற்றைம்பது வருஷமாக இருக்கிற சட்டம் இது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவும் இதே மாதிரி, விலையை வட்டியோடு திருப்பித் தரச் சொல்வதையும், நஷ்டத்துக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்வதையும், வழக்குச் செலவையும் தனித்தனியாக வரிசைப்படுத்துகிறது. நுகர்வோர் ஆணையம் ஒரே உத்தரவில் மூன்றையும் கொடுக்கலாம். செகண்ட் ஹேண்ட் என்பதால் இந்தச் சட்டம் பொருந்தாது என்பதெல்லாம் கடைக்காரர் சொல்லும் கதை. விலை பழைய வண்டிக்குத்தான் கொடுத்தோம், அதற்காகப் புது வண்டி தரத்தை எதிர்பார்க்க முடியாது என்பது உண்மை, கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று வழக்குப் போட்டால் நிற்காது. தண்ணீரில் மூழ்கியதை மறைத்தது, மீட்டரைக் குறைத்து வைத்தது, ஆக்சிடென்ட் வண்டியை ஒட்டுப்போட்டு விற்றது, இவை வேறு.

மைத்துனருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் போனிலேயே சொன்ன யோசனைப்படி, பத்திரத்தில் இருந்த அந்த வரியை அடித்துவிட்டு, “வண்டி விலை மட்டும் பெற்றுக்கொண்டேன், மற்ற செலவுகளைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை” என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கன்சல்டிங்காரர் முகம் சுளித்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். இப்படி எழுத விடாவிட்டால், பணம் வந்த அன்றைக்கே வாட்ஸ்அப்பிலோ பதிவுத் தபாலிலோ இதே விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம் ஒரு பெரிய ஆபத்து, வண்டியை விட்டுவிட்டால் சாட்சியும் சேர்ந்து போய்விடும். பழுதைச் சோதனைக்கு அனுப்பிப் பார்க்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் வண்டி அவர் கையில் போய் இரண்டே நாளில் ஒயரிங் மாற்றி வேறொருவருக்கு விற்றாகிவிட்டால் எதைச் சோதிப்பது? அதனால் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னாலேயே கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்கிவிட வேண்டும். அவர்கள் நம்மூர் மெக்கானிக்கைவிட அதிகம் வாங்குவார்கள், வாங்கட்டும், அதுவும் கேட்கிற தொகையில் சேரும். சேஸிஸ் நம்பர், ஓடிய கிலோமீட்டர் இரண்டும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்சி புத்தக விவகாரம் அதைவிட மோசம். பெயர் மாற்றம் முடிந்திருந்தால், வண்டி கன்சல்டிங் ஷெட்டில் நின்றாலும் ஏட்டில் உரிமையாளர் நாம்தான். அதை யாராவது எடுத்துப்போய் எங்காவது மோதினால் பொறுப்பு பதிவு உரிமையாளருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவதோடு வேலை முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, பழைய வண்டி விற்கிற டீலர் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை ஃபார்ம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும், அதன்பிறகு அந்த வண்டிக்கு அவர்தான் உரிமையாளர் போலக் கருதப்படுவார். அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று மைத்துனர் கேட்டபோது அந்த மனிதர் விழித்த விழிப்பு இருக்கிறதே! போன தலைமுறையிலிருந்து தொழில் செய்கிறேன், எனக்கே சட்டமா என்றார்.

எதையெல்லாம் கேட்கலாம் என்றால், பழுதான அந்த வண்டி நம் கைக்கு வராமல் இருந்திருந்தால் எந்தச் செலவு நடந்திருக்காதோ அதையெல்லாம். கடனுக்கான பிராசசிங் கட்டணம், நடுவில் கட்டிய வட்டி, கடனை முன்கூட்டியே முடிக்க வங்கி பிடித்த தொகையும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும். பெயர் மாற்றக் கட்டணம். இன்சூரன்ஸை நம் பெயருக்கு மாற்றும்போது, பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடி) நமக்கு வராது என்பதால் கூடுதலாகக் கட்டிய வித்தியாசம். ரிக்கவரி வண்டி, பழுது கண்டுபிடிக்க ஆன கூலி, ஆர்சியில் இருக்கும் வங்கிக் கடன் குறிப்பை நீக்க (ஹெச்பி கேன்சல்) ஆன செலவு. பேட்டரியைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிக் கொடுத்திருக்கலாமே என்று அவர்கள் கேட்பார்கள், அது நியாயமான கேள்விதான், ஒன்று கழற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பில்லைக் காட்டிக் காசு கேட்க வேண்டும்.

வண்டி இல்லாத நாட்களில் கால் டாக்ஸியில் போனதும் கேட்கலாம், ஆனால் அளவோடு. நஷ்டத்தைக் குறைக்க நம் கையில் இருந்த வழியைப் பயன்படுத்தினோமா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. சின்னக் கார் வைத்திருந்தவர் தினமும் இன்னோவா வாடகைக்கு எடுத்துவிட்டு பில்லை நீட்டினால் ஆணையத்தில் சிரிப்பார்கள். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்டு மனுப் போடுவதும் வீண், இஷ்டத்துக்கு ஏற்றிக் கேட்கிறவரின் உண்மையான பில்கள் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.

மைத்துனர் எல்லாவற்றையும் ஒரு தாளில் தொகை போட்டு எழுதி, ரசீது நகல் சேர்த்து, 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். கோவைக்காரர் கோவையில் வந்து பார்த்துக்கொள் என்றார். அதற்கும் வழி இருக்கிறது. புகார்தாரர் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம் என்று 2019 சட்டம் மாற்றி வைத்திருக்கிறது, ஆகவே அவர்தான் ஈரோட்டுக்கு வர வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பார்ப்பதிலும் நஷ்டம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். உத்தரவு வந்தும் பணம் கொடுக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு 72-வது பிரிவில் இடம் இருக்கிறது.

ஆணையம் மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா என்பது வழக்குப் போட்ட எல்லோருக்கும் தெரியும். டீலர்கள் நம்புவதும் இந்தத் தாமதத்தைத்தான். எங்கள் விஷயத்தில் புகார் மனு நகலைப் பார்த்ததும் கன்சல்டிங்காரர் பேச வந்தார். வங்கிக் கட்டணங்கள், இன்சூரன்ஸ் வித்தியாசம், ரிக்கவரி, எலக்ட்ரீஷியன் கூலி வந்தன. டாக்ஸிக்குப் பாதிதான், ஏனென்றால் ஸ்டாண்ட் டாக்ஸியில் போனதற்கெல்லாம் ரசீது ஏது?

இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரரிடமோ ஆன்லைன் விளம்பரம் பார்த்து நேரடியாக ஒரு தனி நபரிடமோ வாங்கினால் அவர் வியாபாரி அல்ல, நுகர்வோர் ஆணையம் போக முடியாது, சிவில் கோர்ட்தான். லாபத்துக்கு வண்டிகளை வாங்கி ஓட விடுகிறவரும் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் பிழைப்புக்காகத் தானே டாக்ஸி ஓட்டுகிறவருக்கு இந்தச் சட்டத்தில் இடம் உண்டு, அவர்கள் அவசியம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவர்களுக்கு வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுபோகிறது.

போக்குவரத்துத் துறைக்கு என் கோரிக்கை, அங்கீகாரச் சான்று வாங்கிய பழைய வாகன டீலர்கள் யார் யார் என்று ஒவ்வொரு ஆர்டிஓ அலுவலக வாசலிலும் பட்டியல் ஒட்டுங்கள், இணையத்திலும் போடுங்கள். டோட்டல் லாஸ் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கணக்குத் தீர்த்த வண்டி என்றால், பதிவெண்ணைத் தட்டியதுமே அது தெரிகிற மாதிரி, வண்டிப் பதிவு விவரங்கள் இருக்கும் வாகன் தளத்தில் ஏற்ற மத்திய அரசிடம் வலியுறுத்துங்கள். இங்கிலாந்தில் 2015-லேயே, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழு விலையும் கேட்கலாம் என்று சட்டம் போட்டார்கள், டீலரிடம் வாங்கிய பழைய காருக்கும் அது பொருந்தும். இங்கே அப்படிக் காருக்கென்று தெளிவாக ஒரு கெடுவை வைத்து, அதை டெலிவரி நோட்டிலேயே தமிழில் அச்சடிக்கச் சொன்னால் பாதிச் சண்டை கடை வாசலிலேயே தீர்ந்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.