நவ் ஷாப்பலில் நம்மவர் பெயர் இருக்காது

புதுச்சேரி

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தூங்கிக் கழிக்காமல் பிரான்சின் லீல் நகரிலிருந்து நவ் ஷாப்பல் வரை போய், முதல் உலகப் போரில் மடிந்த இந்திய வீரர்களின் நினைவுச் சுவரில் நம் ஊர்க்காரர் பெயர் இருக்கிறதா என்று தேடினாயே, அதற்காகவே இந்த நீளக் கடிதம்.

அங்கே எத்தனை மணி நேரம் தேடினாலும் உன் அப்பாவின் தாத்தாவோடு கப்பலேறியவர்கள் கிடைக்க மாட்டார்கள். 1927-இல் திறந்த அந்த வட்டச் சுவரில் இருக்கும் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்தவர்களுடையவை; எங்கே புதைந்தார்கள் என்றே தெரியாமல் போனவர்கள். நம்மவர்கள் போட்டது பிரெஞ்சுச் சீருடை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட பாகூருக்கும் பிரிட்டிஷார் ஆண்ட கடலூருக்கும் நடுவில் என்ன பெரிய தூரம்? ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தவன் பிரெஞ்சுக் குடியரசுக்காகச் செத்தான், அந்தப் பக்கம் பிறந்தவன் பிரிட்டிஷ் சக்கரவர்த்திக்காகச் செத்தான். இருவரும் ஒரே ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லைத்தான் தின்றிருப்பார்கள்.

நம்மவர்களுக்கான நினைவுச் சின்னம் நம் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. தூண்களும் நடுவில் சிப்பாயும். கையில் ஐஸ்கிரீமோடு அதைத் தாண்டி ஓடியிருக்கிறாயே தவிர, நின்று பார்த்ததில்லை. ஆண்டில் பெரும்பாலான நாள்கள் அதன் உள்ளே யாரும் போக முடியாது என்பதால் உன்னை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

"பிரான்சில் ஒவ்வொரு குக்கிராமத்திலும் ஒன்று இருக்கிறதே அம்மா, நம்முடையது எப்போது கட்டியது?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கிராமங்களில் நீ பார்ப்பவை பெரும்பாலும் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள், 1920-களின் முற்பாதியில் எழுந்தவை. நமக்கு 1937-இல்தான் கட்டினார்கள். கவர்னர் குரோசிக்கியா 1938 ஏப்ரல் 3-ஆம் தேதி திறந்துவைத்தார். போர் முடிந்து இருபது ஆண்டு கழித்து! திறந்து பதினேழு மாதத்தில் அடுத்த உலகப் போரே வந்துவிட்டது. 1940-இல் பிரான்சு ஜெர்மனியிடம் விழுந்தபோது, கவர்னர் போன்வென், தொடர்ந்து போரிட்ட தெகோல் பக்கம் சேர்ந்தார்; மறுபடியும் இங்கிருந்து ஆள்கள் போனார்கள்.

அந்த ஆண்டுக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது, இதை எந்தச் சுற்றுலாப் பலகையும் சொல்லாது. 1936 ஜூலை 30 அன்று, ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பிரெஞ்சிந்தியப் போலீசார் சுட்டு 12 பேர் இறந்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தால்தான் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. தொழிலாளியைச் சுட்ட அரசு மறு ஆண்டே, தனக்காகச் செத்த சிப்பாய்க்குக் கல் நட்டது. பள்ளியில் நான் வரலாறு நடத்திய காலத்தில் இந்த இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதுவேன். விளக்கம் எதுவும் சொல்ல மாட்டேன். பிள்ளைகளே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

தாய்நாட்டுக்காக மடிந்தவர்கள் என்கிறது கல்வெட்டு. உன் கொள்ளுத்தாத்தாவைக் கேட்டிருந்தால் எந்தத் தாய்நாடு என்று சிரித்திருப்பார். பாகூரில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இருந்தவர். கடன் இருந்தது, சேரியைத் தாண்டி நடக்க ஆசையும் இருந்தது. அவருடைய அப்பா ஏற்கெனவே ரெனோன்சான் ஆகியிருந்தார். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி, இந்து, முஸ்லிம் தனிச்சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வந்தவர்கள் அவர்கள். நம் குடும்பப் பெயர் அப்படி வந்ததுதான். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும்தான் பெரும்பாலும் அந்த வழியில் போனார்கள். நீதிமன்றத்துக்குள் செருப்பை அவிழ்த்துவிட்டு வா என்று 1873-இல் தன்னைத் தடுத்ததற்காகப் பாரிஸ் வரை வழக்காடி வென்ற வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளைதான் பின்னாளில் லபோர்த் ஆனவர். லபோர்த் வீதியில்தானே உன் டியூஷன் வீடு. வக்கீலுக்கு நீதிமன்றம் இருந்தது. கூலிக்காரனுக்குப் படைதான் இருந்தது.

தமிழர் மட்டும் போகவில்லை. 1916-இல் சந்திரநாகூரிலிருந்து வங்காள இளைஞர்கள் சிலர் இங்கே வந்து பயிற்சி பெற்றுப் பிரான்சுக்குப் போனார்கள். கொள்ளுத்தாத்தா உயிரோடு திரும்பியதால் அந்தக் கல் அவருக்கானது அல்ல. உயிரோடு வந்த சொல்தாவுக்கு, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய்க்கு, ஓய்வூதியம், வராதவனுக்குக் கல்.

அந்தச் சின்னத்தின் பின்பக்கம் என்ன இருக்கிறது தெரியுமா? டூப்ளெக்ஸின் புடைப்புச் சிற்பம்! 1763-இல் பாரிசில் செத்துப்போன கவர்னருக்கு 1914-ஆம் ஆண்டுப் போரில் என்ன வேலை? தென்னிந்தியாவைப் பிடிக்கக் கனவு கண்டவரையும், வடபிரான்சின் சேற்றில் செத்தவனையும் முதுகோடு முதுகு ஒட்டவைத்தவர்கள் யோசித்துத்தான் செய்திருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

போன ஜூலை 14 அன்று போனேன். தூதரகத்திலிருந்தும் அரசிலிருந்தும் வந்தவர்கள் மலர்வளையம் வைத்தார்கள். பதக்கம் குத்திய கிழவர்கள் வெயிலில் விறைப்பாக நின்றார்கள். பிரெஞ்சு தேசிய கீதமான மர்செய்யேஸ், பிறகு ஜன கண மன. இரண்டையும் முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உன் தாத்தா பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவில் இருந்தவர். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு, ஆறு மாதத்துக்குள் எந்தக் குடியுரிமை என்று முடிவெடுக்கச் சொன்னபோது, ஒரே நாளில் போய்ப் பிரெஞ்சுக் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாராம். பக்கத்து வீட்டுக்காரர் போடவில்லை. அதற்காக இருவரும் பேசாமல் இருந்ததில்லை; மாலைச் சீட்டாட்டம் கடைசிவரை நடந்தது. உன்னை இன்றைக்கு லீலில் உட்காரவைத்திருப்பது அந்தக் கையெழுத்துதான் என்பதால் நான் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இனி உனக்கு வேலை. பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் முதல் போரில் மடிந்த 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் அட்டைகள் இருக்கின்றன. பிறந்த ஊரை வைத்துத் தேடு: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் என்று ஐந்தையும். ஊர்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தர்கள் கண்டபடி எழுதியிருப்பார்கள், அதனால் நாலைந்து விதமாகப் போட்டுப் பார். கிடைத்த பெயர்களை ஒரு தாளில் எழுதி அனுப்பு. கொள்ளுத்தாத்தாவின் படை எண்ணுக்கு, காலனிகளின் ஆவணங்கள் இருக்கும் எக்ஸான் புரோவான்ஸுக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை நானே பிரெஞ்சில் எழுதித் தருகிறேன், உன் இலக்கணத்தை நம்பி அனுப்ப மாட்டேன். முதல் போர் முடிந்த நாளான நவம்பர் 11-க்குள் பட்டியல் என் கைக்கு வந்தால், அன்றைய விழாவுக்கு வரும் கிழவர்களிடம் காட்டி, எது யார் வீடு என்று கேட்டுவிடுவேன்.

அம்மா