டோர்காவ் மேட்டில் நின்ற கிழவர்

அன்பு மகளுக்கு,

பெர்லினில் நீ பார்த்த சிலை, மோவாயில் கைவைத்து யோசித்து நிற்கும் அந்த ஹுசார் குதிரைப்படை வீரர், பிரஷ்யாவின் தளபதி ஹான்ஸ் யோவாகிம் ஃபொன் சீட்டன்தான். ஷாடோவ் 1794இல் அதைப் பளிங்கில் செதுக்கினார். நீ கண்டது பிற்காலத்து வெண்கல வார்ப்பு. வாளை ஓங்கிய கோலத்தில் வடிக்காமல் சிந்திப்பவராகவே வடித்த அந்தச் சிற்பிக்கு, தாம் செதுக்கும் மனிதரின் இயல்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

1699இல் வுஸ்ட்ராவ் என்னும் ஊரில், பெயரளவில் பிரபுக்களான எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். குள்ளமான உடல், மெலிந்த குரல். அன்றைய அரசரோ நெட்டையான சிப்பாய்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். பதவி உயர்வு கைநழுவியதால் ஒருமுறை விலகினார். மீண்டும் சேர்ந்த இடத்தில் மேலதிகாரியுடன் மோதி, கோட்டைச் சிறையும் பணிநீக்கமும் பெற்றார். அவருடைய முன்கோபத்துக்கும் இதில் பங்குண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. 1730இல்தான் ஹுசார் படையில் நிலையான இடம் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருகிறது. 1735இல், ரைன் நதிக்கரைப் போரில், அப்போது நட்பணியில் இருந்த ஆஸ்திரியத் தளபதி பரன்யாயிடம் உளவறிதல், பதுங்கித் தாக்குதல், தக்க நேரத்தில் பின்வாங்குதல் ஆகியவற்றை முப்பத்தைந்து வயதைக் கடந்த சீட்டன் மாணவரைப்போல் கற்றுக்கொண்டார். 1741இல் ரோத்ஷ்லோஸில் அதே பரன்யாய் எதிரணியில் நின்றபோது, ஆசிரியரையே சிறைபிடிக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டார். பரன்யாய் தம் மாணவரைப் பாராட்டி மடல் அனுப்பியதாகவும் சொல்வார்கள்.

1745இல் ஆஸ்திரியப் படைகளின் ஊடாகவே அவர் குதிரையோட்டிச் சென்றதைப் பலரும் கொண்டாடுகிறார்கள். எனக்கோ 1760 நவம்பர் 3இல் நடந்த டோர்காவ் போர்தான் பெரிது. பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் வடக்கிலிருந்து தாக்க, ஆஸ்திரியப் பீரங்கிகளின் முன் அவருடைய கிரெனேடியர்கள் என்னும் தேர்ந்த காலாட்படையினர் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். காயம்பட்ட ஆஸ்திரியத் தளபதி டவுன், வெற்றிச் செய்தியை வியன்னாவுக்கே அனுப்பிவிட்டார். தெற்கே நின்ற சீட்டன் தாமதித்தார் என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் இருட்டும் வேளையில் குளங்களுக்கு நடுவிலான கரைப்பாதை வழியே தம் படையை ஏற்றி, சுப்டிட்ஸ் மேட்டைப் பிடித்து, போரை பிரஷ்யாவின் பக்கம் திருப்பியவரும் அவர்தான். அன்று அவருக்கு வயது 61. போர் கைவிட்டுப் போயிற்று என்று எண்ணிய அரசர் எல்ஸ்னிக் கிராமத்துத் தேவாலயத்தில் இரவைக் கழித்துக்கொண்டிருந்தார். இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ முப்பதாயிரம் பேரை விழுங்கிய அந்த நாளை வெற்றி என்று மட்டும் எழுதிவிட்டு நகர என்னால் முடியவில்லை.

இடையே, சமாதான ஆண்டுகளில், அதே அரசர் சீட்டனைச் சரியாக மதிக்காமல் ஒதுக்கிவைத்ததுண்டு. 1756இல் ஏழாண்டுப் போர் மூண்டபோதுதான் அவருடைய அருமை மீண்டும் தெரிந்தது. முதுமையில் அரசரின் விருந்து மேசையில் அவர் கண்ணயர்ந்தபோது, எழுப்ப வேண்டாம் என்று அரசரே தடுத்ததாக ஒரு கதை வழங்குகிறது. 1786 ஜனவரியில் சீட்டன் மறைந்தார்; அதே ஆண்டு ஆகஸ்டில் அரசரும் மறைந்தார்.

வுஸ்ட்ராவ், பெர்லினுக்கு வடமேற்கே ருப்பின் ஏரிக்கரையில் இருக்கிறது. அவருடைய கல்லறை அந்த ஊர்த் தேவாலயத்தருகே உள்ளது. பிரஷ்ய வரலாற்றுக்கான அருங்காட்சியகமும் அங்கேயே உண்டு. ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு விரிவாக எழுது.

அன்புடன்,
அப்பா